கூர்மையும் ஒரு கருணை



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கி வருகிறது. குர்பானிக்குரிய ஆட்டை விலை பேசுவதில் காட்டும் அக்கறையை, அதை அறுக்கப்போகும் கத்தியின் மீது நாம் காட்டுகிறோமா? இக்கேள்வியைப் பிறரிடம் கேட்கும் முன் என்னிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன் நான். அதன் காரணத்தை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் பெருநாளன்று என் வீட்டு முற்றத்தில் நானே குர்பானி கொடுத்தேன். கடையில் புதிதாக வாங்கிய கத்தி, கண்ணாடிபோல் மின்னியது. முதல் நாள் இரவே கல்லில் தீட்டியும் வைத்திருந்தேன். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று கூறி அறுக்கத் தொடங்கினேன். ஒரே வீச்சில் முடிய வேண்டிய காரியம் முடியவில்லை. கத்தி பாதியில் நின்றது. கையை நிறுத்தாமல் இருமுறை, மும்முறை இழுத்த பிறகே வேலை முடிந்தது. மார்க்கச் சட்டப்படி குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில் அந்த வாயற்ற பிராணியின் கால்கள் துடித்த துடிப்பை என்னால் மறக்க இயலவில்லை.

வாசற்படியில் நின்ற என் இளைய மகள் கேட்டாள்: "அத்தா, ஆட்டுக்கு வலிச்சிச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் 17-ஆவது ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நபிமொழி, எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையைக் கடமையாக்கிவிட்டு, அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது எதைத் தெரியுமா? அறுப்பவர் தம் கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்வதையும், பிராணிக்கு வேதனையைக் குறைப்பதையும்தான். வாயால் நடத்திய பாடம் கைக்கு வந்து சேரவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

கூர் இருக்கிறது, சரிவு இல்லை

பெருநாள் கழிந்ததும் அக்கத்தியை எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பட்டறை நடத்தும் ஆசாரியார் அறுபதைக் கடந்தவர். கத்தியை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயை நீளவாக்கில் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பின் மீது மெல்ல ஓட்டினார்.

"ஹஜ்ரத், இதுல கூர் இருக்கு. சரிவுதான் இல்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஓர் ஆப்பைப் போன்றது. முதுகில் கனம்; வாயில் மெலிவு. முதுகுப் பக்கத்திலிருந்து வாய்வரை இருபுறமும் மெலிந்து இறங்கும் பரப்பே சரிவு. நாம் கல்லில் தீட்டுவது அச்சரிவின் கடைசி ஓரத்தை மட்டுமே. அதற்குப் பின்னால் இரும்பு தடித்திருந்தால், விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் கத்தி உள்ளே இறங்காமல் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் தேய்த்திருந்தால் வெட்டு ஒரு புறமாக விலகும். என் கத்தியில் இவ்விரு குறைகளும் இருந்தன.

"ஐயா, இதை நானே செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே, வாங்க. ஆனா ஒரு நாள்ல வராது."

கோடும் அரமும்

பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை அவர் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, 4 மில்லி மீட்டர் கனத்துக்குத் தட்டி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டுக் கொடுத்தார். அவ்வாறு ஆறிய எஃகு அரத்துக்கு இணங்கும்.

முதல் வேலை நடுக்கோடு போடுவது. கத்தியின் கனம் எவ்வளவோ அவ்வளவு கனமுள்ள துளையிடும் ஊசியை எடுத்துக்கொள்ள வேண்டும். சமதளமான பலகைமீது இரண்டையும் கிடத்தினால், ஊசியின் முனை கனத்தில் சரிபாதி உயரத்தில் நிற்கும். அம்முனையைக் கத்தியின் ஓரத்தில் அழுத்தி இழுத்தால் ஒரு கீறல் விழும். கத்தியைப் புரட்டிப் போட்டு மீண்டும் இழுக்க வேண்டும். இரு கீறல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அதுவே நடு. சற்று விலகி விழுந்தால் அவ்விரண்டின் இடையே நடு. கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக ஓரத்தில் முன்கூட்டியே மை பூசிக்கொள்வார்கள். தொழுகைக்குக் கிப்லா எப்படியோ, கத்தி தேய்ப்பவனுக்கு அக்கோடு அப்படி.

முதல் நான்கு வெள்ளிக்கிழமைகளும் அரம் மட்டுமே. கத்தியை வைஸில் இறுக்கி, முதலில் ஓரத்தைச் செங்குத்தான கோணத்தில் நடுக்கோடு வரை ராவினேன். பின்னர் கோணத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, சரிவின் மேல் எல்லையை முதுகை நோக்கி ஏற்றினேன். இந்தப் பக்கம் இருபது இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் இருபது. எண்ணிக்கை தவறினால் கத்தி காட்டிக் கொடுத்துவிடும். தோள்பட்டை வலித்தது, கையில் கொப்புளம் வந்தது. ஆனால் அரம் மெதுவாகத் தேய்ப்பதால், தவறும் மெதுவாகவே நேர்ந்தது; திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது. ஆரம்ப மாணவனுக்கு இதைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

அவசரம் கெடுத்த முனை

ஆசாரியாரின் மகன் பட்டறையில் மோட்டாரால் ஓடும் பெல்ட் கிரைண்டர் ஒன்றை அமைத்திருக்கிறார். ஐந்தாம் வாரம் அதன்முன் நின்றேன். ஜிப்பாவின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கட்டச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்துவிடச் சொன்னார். ஓடும் பெல்ட் துணியைப் பற்றினால் கையையும் இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, எஃகுத் தூள் நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசம். கையுறை மட்டும் கூடாது என்றார். அதையும் பெல்ட் பற்றிக்கொள்ளும். அன்றியும், கத்தி சூடாவதை விரல் உணர வேண்டும்.

"கையால அழுத்தாதீங்க, ஹஜ்ரத். முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டு உடம்பால நகருங்க" என்பதே அவருடைய பாடம். கையை மட்டும் அசைத்தால் கோணம் மாறுகிறது. இடுப்பிலிருந்து உடல் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தால் கோணம் மாறுவதில்லை. பிடிப் பக்கத்திலிருந்து முனைவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். இடையில் நின்றால் அவ்விடத்தில் பள்ளம் விழும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் வாளித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். என் வலக்கைப் பக்கம் ஓரளவு நேராக வந்தது. இடக்கைப் பக்கம் அலை அலையாக வந்தது. பழகிய கையை நம்பிப் பழகாத கையை மறந்துவிடுவது மனித இயல்பு போலும்.

விளிம்பை அப்போதே கூராக்கிவிடக் கூடாது. இரண்டு தபால் அட்டைகளின் கனம், ஏறக்குறைய அரை மில்லி மீட்டர், விட்டுவைக்க வேண்டும். இல்லாவிடில் உலையில் காய்ச்சித் தோய்க்கும்போது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். காந்தம் ஒட்டாத அளவுக்கு எஃகைச் சிவக்கக் காய்ச்சி, இன்னும் சற்றே சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்தார்கள். இப்போது அரத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்நிலையில் எஃகு கண்ணாடியைப் போல் உடையக்கூடியது. எனவே ரொட்டி சுடும் மின்னடுப்பில் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வைத்துப் பதப்படுத்தினார்கள்.

மீதமிருந்தது கடைசித் தேய்ப்பு. அன்று நேரமாகிவிட்டது. ஜும்ஆவுக்குக் குளித்துப் புறப்பட வேண்டும். அதற்குள் முடித்துவிட நினைத்தேன். தேய்ந்துபோன பெல்ட்டை மாற்றாமல், இரண்டு மூன்று முறை தண்ணீரில் தோய்க்காமல், சற்று அழுத்தியும் இழுத்தேன். முனை மெலிந்த இடம். அங்கேதான் சூடு முதலில் சேரும். கண்ணெதிரே முனையில் நீல நிறம் படர்ந்தது. ஏறக்குறைய 300 பாகை வெப்பத்தின் அடையாளம் அது. 200 பாகையில் பதப்படுத்திய எஃகு அவ்வளவு சூடேறினால் அவ்விடத்தில் தன் உறுதியை இழந்துவிடும். மீண்டும் தண்ணீரில் தோய்ப்பதால் அது திரும்பி வராது.

ஆசாரியார் கோபிக்கவில்லை. "அவசரம்னா நிறுத்திட்டுப் போயிருக்கலாமே, ஹஜ்ரத். கத்தி எங்கே ஓடிப்போகுது?" என்றார். அவ்வளவுதான்.

அன்று பள்ளிவாசலில் அமர்ந்திருந்தபோது என் வகுப்பின் கடைசி வரிசை மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். மனனம் மெதுவாக வருகிறதென்று அவனை நான் அழுத்திய நாட்கள் பல. அழுத்தினால் விரைவில் முடியும் என்று எண்ணியிருந்தேன். மறுநாள் முதல் அவனுக்குப் பாடத்தைக் குறைத்து, அன்றாடம் சிறிது சிறிதாகக் கேட்கத் தொடங்கினேன்.

அளவே அழகு

இரண்டாவது கத்திக்கு மேலும் பல வாரங்கள் ஆயின. முரட்டுப் பெல்ட்டில் தொடங்கி 120, 220 என்று ஏறி, பிறகு 400-ஆம் எண் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல்கள் மீதமிருப்பது தெரிந்துவிடும். இறுதியில் கல்லில் தீட்டும் கோணத்துக்கு எளிய வழி ஒன்றை ஆசாரியார் காட்டினார். கத்தியைக் கல்லின்மேல் நேராக நிறுத்துங்கள், பாதி சாயுங்கள், மீண்டும் அதில் பாதி சாயுங்கள். 22½ பாகை வரும். இறைச்சிக் கத்திக்கு அந்த அளவே போதும்.

அரபு இலக்கிய வகுப்பில் 'முஹன்னத்' என்னும் சொல்லுக்கு 'இந்திய எஃகால் ஆன வாள்' என்று பொருள் சொல்லிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டேன். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தீ வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதி, அவற்றின் எஃகு வகைகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் ஈரோடு மாவட்டக் கொடுமணலில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நபித்தோழர் கப்பாப் இப்னு அல்அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லர் தொழில் செய்தவர். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு பணித்ததை ஸபா அத்தியாயம் கூறுகிறது. இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். 'அளவோடு' என்ற சொல்லின் கனத்தை அந்தப் பட்டறையில்தான் அறிந்தேன்.

சென்ற பெருநாளன்று அந்தக் கத்தியை எடுத்தேன். அதை ஆட்டின் கண்ணில் படாமல் துணியில் மறைத்து வைத்திருந்தேன். பிராணியின் முன்னிலையில் கத்தி தீட்டியவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். ஒரே இழுப்பு. முடிந்துவிட்டது. மாலையில் மகள் அருகில் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். வலிக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? "அத்தாவால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன், மகளே" என்றேன். அவள் தலையசைத்தாள்.

சகோதரர்களே! எல்லோரும் கத்தி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெருநாளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே உங்கள் கத்தியை எடுத்துப் பாருங்கள். அதன் நீளம் பிராணியின் கழுத்து அகலத்தைப்போல் இருமடங்காவது இருக்கட்டும். நகத்தை விளிம்பில் மெல்ல ஓட்டினால் எங்கேனும் தட்டுகிறதா? விளிம்புக்குப் பின்னால் தடித்திருக்கிறதா? ஐயமிருந்தால் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிவைத் தேய்த்து வாங்குங்கள். அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அதுவும் குர்பானியின் ஒரு பகுதியே.

இரக்கம் நெஞ்சில் பிறக்கிறது. ஆனால் கை அதைக் கற்றுக்கொள்ளாதவரை பிராணிக்கு அதனால் பயனில்லை. வல்ல அல்லாஹ் நம் நெஞ்சங்களுக்கு இரக்கத்தையும், நம் கைகளுக்குச் செம்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.