ஏலத்தை ஏலம் விடும் ஊர்

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஆதர்ட்டன் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. மொத்தமே சுமார் 7,000 பேர்தான். பெரும்பாலான இடங்களில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் மனை இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைத்தெரு என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் சிலிக்கான் பள்ளத்தாக்கில் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள், ராத்திரி வந்து படுத்துத் தூங்குவதற்கென்றே அமைத்துக்கொண்ட ஊர் அது. பிழைப்பு ஓரிடம், குடித்தனம் வேறிடம்.

நம்ம பக்கம் அப்படி ஒரு ஊர் உண்டா என்று யோசித்தால், எனக்கு உடனே ஞாபகம் வருவது போடிநாயக்கனூர். தேனியிலிருந்து 15 கிலோமீட்டர். மூன்று பக்கமும் மலை. 2011 கணக்குப்படி சுமார் 75,000 பேர் வசிக்கும் நகராட்சி. இந்த ஊரின் பணம் விளைவது ஊருக்குள் இல்லை, மேலே மலையில். அதுவும் பக்கத்து மாநிலத்து மலையில்!

போடியிலிருந்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று எவ்வளவோ கேட்டும் அவை கேரளத்தோடு நின்றுவிட்டன. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தோட்டம் அந்தப் பக்கம், தோட்டக்காரரில் பலருடைய வீடும், வியாபாரிகளின் குடோனும், வேலை பார்ப்பவர்களின் குடும்பமும் இந்தப் பக்கம். அன்று முதல் இன்று வரை ஊர் அப்படியேதான் ஓடுகிறது.

ஏலக்காயைப் பறித்த உடனே விற்க முடியாது. நிழலில் வளரும் செடியின் அடித்தூரில், தரையோடு தரையாகக் காய் பிடிக்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்துதான் பறிக்க வேண்டும். அதைக் கழுவி, ஸ்டோரில் சூட்டில் உலர்த்தினால், பச்சைக் காய் சுமார் 5 கிலோ, உலர்ந்த காய் 1 கிலோவாகச் சுருங்கும். பச்சை நிறம் போகாமல் உலர்த்துவதில்தான் சூட்சுமம். நிறம் போனால் விலையும் போச்சு.

அப்படி வரும் காயைத்தான் போடியில் ஏலம் விடுகிறார்கள். ஏலத்துக்கே ஏலம்! இந்திய ஏலக்காய்க்கு இரண்டே பெரிய ஏல மையங்கள். ஒன்று வண்டன்மேட்டுக்கு அருகே புத்தடி, இன்னொன்று போடி. முன்பெல்லாம் வாயால் விலை கேட்பார்கள். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். சின்னப் பொட்டலத்தில் வரும் மாதிரிக் காயை வியாபாரி உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்ப்பார், ஒன்றை உடைத்து முகர்வார், பொத்தானை அழுத்துவார். சத்தமே இருக்காது. நூறு ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் திரையில் தெரியும் எண்ணில்தான்.

அந்த எண் எப்படியெல்லாம் ஆடும் தெரியுமா? 2018-ல் பெருவெள்ளம், அடுத்து 2019 கோடையில் வறட்சி. விளைச்சல் படுத்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. சரித்திரத்திலேயே இல்லாத விலை. அதைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள் ஏராளம். 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. நடுவில் எங்கோ இருக்கும் குவாதமாலா என்ற தேசமும் இதில் ஒரு கை பார்க்கிறது. இந்தியாவிலிருந்து போன செடிதான் அது. நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே கொண்டுபோய் நட்டார்கள், இப்போது உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது அவர்கள்தான். சவூதி அரேபியாவில் காப்பியில் போட்டுக் குடிக்கும் ஏலக்காய், எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, போடியில் ஒரு கல்யாணம் இந்த ஆவணியிலா அடுத்த ஆவணியிலா என்பது முடிவாகும்.

பணம் ஊருக்கு நல்லதும் செய்திருக்கிறது. ஏல விவசாயிகள் சங்கம் கல்லூரி கட்டியது. எத்தனையோ வீட்டின் முதல் பட்டதாரிகள் அங்கே படித்து வந்தவர்கள். காப்பி வியாபாரம், இலவம்பஞ்சு, மாம்பழம் என்று வேறு வருமானங்களும் உண்டு. போடி இலவம்பஞ்சு மெத்தையில் படுத்துப் பழகியவர்களுக்கு ஃபோம் மெத்தை பிடிக்காது. நான் அந்தக் கட்சிதான்.

ஆனால் பணக்கார ஊர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஆதர்ட்டனில் வேலைக்காரர்கள் வெளியிலிருந்து வருவார்கள். போடியில் முதலாளியும் கூலியும் ஒரே ஊர். விடிவதற்கு முன் எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வரும் பெண்களுக்காக ஜீப்புகள் நிற்கும். "அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, இன்னும் ரெண்டு பேருதான்" என்று சொல்லிச் சொல்லியே ஏற்றுவார்கள். அந்த ஜீப் அந்த வளைவுகளில் ஏறி, சாயங்காலம் அதே பெண்களோடு இறங்கும். போடி மட்டுமில்லை, தேவாரம், கம்பம் பக்கமும் இதே கதைதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோதும், 2020 கொரோனாவில் எல்லையை அடைத்தபோதும் முதலில் அடுப்பு அணைந்தது இந்த வீடுகளில்தான். கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றபோது கூலி ஏழு மடங்கு ஏறவில்லை. விலை விழுந்தபோது மட்டும் வேலை நாள் குறைந்தது. போடி குடோன்களில் உட்கார்ந்து காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் இதே கணக்குதான். 8 மில்லிமீட்டர் காய் எது என்று அவர்கள் கண்ணுக்குச் சல்லடையே தேவையில்லை.

ரயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். மதுரை-போடி ரயில் 1928-ல் வந்தது. அதற்கு முன்பே மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியூர் போனது. இரண்டாம் உலகப் போரில் ரயில் நின்றது, 1950-களில் மறுபடி வந்தது. 2010 முடிவில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். திரும்ப வர 12 வருஷத்துக்கு மேல் ஆனது! 2023 ஜூன் 15-ல் போடிக்கு ரயில் வந்தபோது ஜனங்கள் மாலையோடு நின்றார்கள். ஆதர்ட்டன்காரர்களோ தங்கள் ஊர் ரயில் நிலையமே வேண்டாம் என்று 2020 டிசம்பரில் மூடவைத்துவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு மூன்று கார். இங்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிக்கு அந்த ரயில்தான் கார்.

இப்போது சென்னை சென்ட்ரலிலிருந்தே நேராகப் போடிக்கு வாரம் மூன்று நாள் ரயில் இருக்கிறது. போனால், கடைவீதியில் ஏலக்காய் வாங்காமல் வராதீர்கள். ரொம்பப் பளீரென்ற பச்சையைக் கண்டு மயங்க வேண்டாம், சாயம் ஏற்றியதாக இருக்கலாம். தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், தண்ணீர் பச்சையானால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். குலுக்கினால் கலகலவென்று ஆடக் கூடாது. உடைத்தால் உள்ளே விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுவென்று இருக்க வேண்டும். வெளிறி, காய்ந்திருந்தால் பழைய சரக்கு. பாயசத்துக்கு விதையை எடுத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடாதீர்கள், டீத்தூள் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.