கன்னத்தைத் தூக்கிய அம்மையார்

கண்ணாடியைப் போல் தாட்சண்யமில்லாத சிநேகிதன் கிடையாது. கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளங்களையும், மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் இரண்டு கோடுகளையும் சென்ற வாரம் அது எனக்குக் காட்டிற்று. உபாத்தியாயருக்கு இதனால் நஷ்டமில்லை. பையன்கள் சற்று அதிகமாகவே பயப்படுவார்கள். முகத்தை நம்பிப் பிழைப்பவர்களின் கதி வேறு.

இதை நன்கறிந்தவர் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஸுஸான் நோயெல் அம்மையார். 1912-ஆம் வருஷத்தில், பிரசித்தி பெற்ற நடிகை ஸாரா பெர்ன்ஹார்ட் அமெரிக்காவில் முகத்துக்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். செய்தியறிந்த அம்மையார் கண்ணாடி முன் உட்கார்ந்து, தம் முகத்துத் தோலையே கிள்ளி இழுத்துப் பார்த்தாராம். பிறகு முயல்களின்மேல் பரீட்சை, அதற்கப்புறமே மனிதர்.

அவருடைய முறை எளியது. மயிரோரத்திலும் காதோரத்திலும் தோலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியெடுத்து, மெல்லிய தையல் போட்டுவிடுவார். அவ்விடம் மட்டும் மரத்துப்போக மருந்து. வந்தவள் அன்றே வீடு திரும்பலாம். வயது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று அஞ்சி வந்த ஸ்திரீகள் பலர். இல்லாதவர்களிடம் அவர் பணம் கேட்கவில்லை. அழகுச் சிகிச்சைக்குச் சமூகத்தில் என்ன பங்கு என்று 1926-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

குறை ஒன்றுண்டு. தோலை மட்டும் இழுத்தால் அது நாளடைவில் மறுபடியும் தளரும். சரிவது தோல் மட்டுமல்ல. கன்னத்துக் கொழுப்பும் கூடவே இறங்குகிறது. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் முகத்தசைகளோடு இணைந்த உறுதியான ஜவ்வு ஒன்று உண்டு என்று மிட்ஸ், பெய்ரோனி என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்கள் 1976-ல் விவரித்தார்கள். அதன் பிறகு ஜவ்வைப் பிடித்துத் தூக்கும் முறைகள் பெருகின. இன்றோ, முள் வைத்த நூலை ஊசி வழியே செலுத்திக் கன்னத்தைத் தூக்குகிறார்கள். நூல் சில மாதங்களில் கரைய, தூக்கமும் மெல்ல இறங்குகிறது. வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் நிரப்புவதும் உண்டு. அது தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் கண்பார்வையே போகலாம். 'சின்ன ஊசிதானே!' என்பவர்களை நான் நம்புவதில்லை.

இதெல்லாம் பணக்காரர் பித்து என்று ஒரு காலத்தில் நானும் சிரித்தவன்தான். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்தபோது, யூதர்கள் அடையாளம் தெரியாமல் தப்புவதற்காக நோயெல் அம்மையார் அவர்கள் முகங்களை மாற்றியமைத்தார் என்று படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. யுத்தம் முடிந்ததும், வதை முகாம்களிலிருந்து அகாலத்தில் கிழடுதட்டித் திரும்பியவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களுடைய கன்னங்களையும் அதே சிறு தையல்களால்தான் தூக்கிவிட்டார்.