கைக்குச் செயல்பாடு, வாய்க்குப் பூட்டு

பெங்களூரின் தனியார் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் வாரம் என்பது இப்போது ஒரு கருப்பொருளின் பெயர். இந்த வாரம் விலங்குகள், அடுத்த வாரம் உணவு. திங்களன்று வட்டமாக அமர்தல், செவ்வாயன்று காகிதத் தட்டில் புலிமுகம், புதனன்று பயிற்சித்தாள், வெள்ளியன்று மஞ்சள் உடை. வார இறுதியில் படங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும். முப்பது புலிமுகங்களும் ஒரே அச்சில் இருக்கும். அவற்றுள் சில முந்தைய இரவில் அம்மாக்கள் வெட்டி ஒட்டியவை என்பதும் எல்லோருக்கும் தெரியும். இதற்குச் செயல்வழிக் கற்றல் என்று பெயர் சூட்டியாகிவிட்டது. அந்த வாரத்தில் குழந்தை என்ன பேசியது, எந்த மொழியில் பேசியது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் படங்களில் விடை கிடையாது.

அந்தக் கேள்வி அற்பமானதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்து வருகிறார்கள். எனவே புலியின் படத்தைக் காட்டியதும் தமிழ்க் குழந்தையின் வாயில் வருவது புலி. தெலுங்குக் குழந்தைக்கும் அது புலியே. கன்னடக் குழந்தைக்கு ஹுலி. ஆசிரியர் 'டைகர்' என்கிறார், முப்பது வாய்களும் 'டைகர்' என்கின்றன, பாடம் முடிந்தது. மொழியியல் மாணவர் ஒருவர் அந்த அறையின் மூலையில் அமர்ந்திருந்தால் தலையில் அடித்துக்கொள்வார். முதுகலையில் ஒப்பீட்டு மொழியியலுக்குத் தேவைப்படும் தரவு முழுவதும் அங்கே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் உணவு. தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லாகிறது, பத்து ஹத்தாகிறது, பூ ஹூவாகிறது. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்தது பிற்காலத்தில் ஹகரமானது என்ற வரலாற்றை ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு இணைகளைப் பலகையில் எழுதிப் போட்டால் ஐந்தாவதை அது தானே ஊகிக்கும். ஊகம் பொய்க்கும் இடமும் வேண்டும்: பாடம் என்பது கன்னடத்தில் 'ஹாட' ஆகாமல் 'பாட' என்றே நிற்பது ஏன்? உருது பேசும் குழந்தை பாலைத் 'தூத்' என்கிறதே, அது ஏன் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை? கவனித்தல், ஒப்பிடுதல், விதி காணுதல், விதிவிலக்கைக் கண்டு திகைத்தல் என எல்லாம் இதில் உண்டு. செயல்பாடு என்ற சொல்லுக்குத் தகுதியானது இது. பசையும் பளபளப்புத் தாளும் இதற்குத் தேவையே இல்லை.

செயல்வழிக் கற்றலின் வரலாறு இவ்வளவு வறியதன்று. 1995இல் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், யுனிசெஃப் துணையுடன், ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைக் கண்டுவந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உருவாக்கியது 'நலி-கலி'. களித்துக் கற்றல் என்று அதைத் தமிழாக்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கும் ஊற்று அதே ரிஷிவேலிதான். கற்றல் ஏணி, அட்டைகள், அவரவர் வேகம்: இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது குழு அமைப்பு. ஆசிரியரின் துணையோடு கற்கும் குழுக்களுக்கு அடுத்து, சக மாணவர் துணையோடு கற்கும் குழுக்கள் அங்கே உண்டு. ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்கு விளக்குவதற்கான இடத்தை அந்த முறை தன் கட்டமைப்புக்குள்ளேயே வைத்தது. தனியார் பள்ளிகளின் கருப்பொருள் வாரத்தில் இந்த இடமே காணோம்.

நலி-கலியும் குறையற்றதன்று. அது தோன்றிய வட்டத்திலேயே ஜேனு குறுபர் குழந்தைகளின் வீட்டுமொழி, பாடநூல் கன்னடத்திலிருந்து வேறுபட்டது. பின்னர் கன்னட வழி அரசுப் பள்ளிகள் அனைத்திலும் தொடக்க வகுப்புகளுக்கு அது விரிந்தபோது, 'கன்னட வழி' என்ற சொல் குழந்தைக்குக் கன்னடம் ஏற்கெனவே தெரியும் என்ற ஊகத்தையும் உடன் எடுத்துச் சென்றது. ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ உள்ள அரசுப் பள்ளியில் அந்தச் சக மாணவர் குழு தமிழிலோ தெலுங்கிலோதான் பேசிக்கொள்ளும். அட்டைக்கு அது கேட்பதில்லை.

இந்தக் காது கேளாமைக்குச் சட்ட வரலாறும் உண்டு. முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழி என 1994 ஏப்ரலில் கர்நாடக அரசு ஆணையிட்டது. அப்படித் திணிக்க அரசுக்கு அதிகாரமில்லை என உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2014 மே 6 அன்று தீர்ப்பளித்தது. குழந்தையின் தாய்மொழி எதுவென முடிவுசெய்வோர் பெற்றோரே என்றும் கூறியது. இருபதாண்டு வழக்கில் இரு தரப்பும் வாதிடாமலேயே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: குழந்தைக்கு ஒரு தாய்மொழி, வகுப்புக்கு ஒரு பயிற்றுமொழி. பாட்டியிடம் தமிழும் தெருவில் கன்னடமும் எதிர்வீட்டில் தக்னியும் பேசும் குழந்தை அந்த வழக்கில் மனுதாரருமில்லை, எதிர்மனுதாரருமில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் தாய்மொழிக்கு ஒரே கட்டம்தான்.

தாய்மொழிக் கல்வியை ஆதரிக்கும் ஆய்வாளர்களும் இந்தக் கட்டத்துக்குள்ளேயே சுழல்கிறார்கள். அடித்தள நிலைக்கான 2022ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது என மேற்கோள் காட்டுவதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. நான்கு வீட்டுமொழிகள் உள்ள வகுப்பில் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த டி. பி. பட்நாயக், பன்மொழியத்தையும் தாய்மொழிக் கல்வியையும் ஒரே தலைப்பில் இணைத்து நூல் எழுதியது 1981இல். அந்தத் தலைப்பின் இரண்டாம் பாதியை மட்டும் கல்விப்புலம் நினைவில் வைத்துக்கொண்டது போலும். பெங்களூரின் தமிழ்வழிப் பள்ளிகள் அருகிவருவதைக் குறித்து ஆண்டுதோறும் வருந்தும் தமிழன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆங்கிலவழி வகுப்பில் அமர்ந்திருக்கும் தமிழ்க் குழந்தை அவர்களின் கணக்கில் இழப்பாக மட்டுமே பதிவாகிறது.

இரண்டு மறுப்புகள் வரும். ஆசிரியருக்கு நான்கு மொழிகள் தெரியாதே என்பது ஒன்று. தெரிய வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். தன் மொழிச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும் குழந்தை அந்த நிமிடத்தில் ஆசிரியருக்கே ஆசிரியராகிறது. கன்னடம் நலிந்துவிடும் என்பது மற்றொன்று. நடப்பது நேர்மாறாகவே இருக்கும். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் கன்னடத்துக்கு எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பாடவேளையைப் பெற்றுத் தந்தது. ஆனால் அந்தப் பாடவேளையில் தமிழ்க் குழந்தைக்குக் கன்னடம் முற்றிலும் அயல்மொழியாகவே புகட்டப்படுகிறது. வட்டமாக அமரும் நேரத்தில் சேரும் சொற்களைக் கன்னட எழுத்திலேயே அட்டையில் எழுதட்டும்: புலி, ஹுலி, பால், ஹாலு. தன் வீட்டுச் சொல்லைக் கன்னட எழுத்தில் முதன்முதலாகப் படிக்கும் குழந்தைக்கு அந்த எழுத்தும் சொந்தமாகும். இதற்குத் தேவை ஓர் அட்டையும் அரை மணி நேரமும். மஞ்சள் உடைக்கான அணிவகுப்பைக் கைவிட்டால் அந்த அரை மணி கிடைத்துவிடும்.