நான் டைப் அடிக்கும்போது நடுவுல நீ யாரு?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சூடான பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான், ஆனா திருவண்ணாமலைக்காரன் பாஷையில சொல்றேன்.

பௌர்ணமி அன்னைக்கு எங்க ஊர் கோயில் வரிசையைப் பாத்திருப்பீங்க. 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு கால் கடுக்க நிக்கிற கூட்டம். சன்னதி கிட்ட வர்ற நேரத்துல எவனோ ஒருத்தன் சைடுல பூந்து முன்னாடி வந்து நிப்பான். வருமே ஒரு கடுப்பு... அதே வேலையைத்தான் நம்ம கம்ப்யூட்டர்ல மென்பொருளுங்க தெனமும் செய்யுது.

ஒரு புரோகிராமை கிளிக் பண்றோம். திறக்க அரை நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு பழைய ஜன்னலுக்கு வந்து டைப் அடிக்கிறோம். பாதி வரியில 'டொய்ங்'னு அது முன்னால குதிக்கும். மிச்ச எழுத்தெல்லாம் அதுக்குள்ள! இதுக்குப் பேரு ஃபோகஸ் திருட்டு. நான் வச்ச பேரு இல்லீங்க, ஆங்கிலத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையாய்யா?"ன்னு கேக்கறவங்க ஏதாவது ஒரு டிடிபி சென்டர்ல அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. தமிழ்99ல வேகமா அடிக்கிறவங்க திரையைப் பாக்க மாட்டாங்க, கண்ணு பக்கத்துல இருக்கற மனு மேல இருக்கும். நிமிந்து பாத்தா ரெண்டு வரி காணோம். அது கூடப் பரவால்ல. பாஸ்வேர்டு அடிக்கும்போது சாட் ஜன்னல் முன்னாடி வந்துச்சுன்னா? புள்ளி புள்ளியா மறைஞ்சிருக்க வேண்டியது பச்சையா தெரியும், பழக்க தோஷத்துல எண்டரும் தட்டியிருப்போம். போச்சு! அதே எண்டர், 'சம்மதமா?'ன்னு வந்து நிக்கிற பெட்டியில விழுந்தா படிக்காமலே சம்மதம். (எங்கிட்ட ஒரு பிரிண்டர் மென்பொருள் இருக்கு, பேர் வேணாம். மை கொறஞ்சிடுச்சுன்னு சொல்றதுக்கு அது குதிக்கிற குதி இருக்கே...)

கண் தெரியாதவங்க நெலமையை யோசிங்க. 2006ல ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத மைக்கேல் கர்ரன் ஆரம்பிச்ச என்விடிஏங்கிற இலவச திரைவாசிப்பான், ஃபோகஸ் எங்க இருக்கோ அதைத்தான் வாசிக்கும். ஃபோகஸ் தாவினா குரலும் தாவும். கேட்டுட்டு இருந்த வாக்கியம் பாதியில அந்தரத்துல.

தீர்வே இல்லாத விஷயமும் இல்ல இது. விண்டோஸ் 95ல எவன் வேணா முன்னால வரலாம்னு இருந்துச்சு. 98, 2000 வந்தப்ப ஒரு கட்டுப்பாடு போட்டாங்க: யூசர் வேலை செஞ்சிட்டு இருந்தா குறுக்க வராதே, டாஸ்க்பார்ல பட்டனை மட்டும் மின்ன விட்டுக்கோ. அதுக்கு ரிஜிஸ்ட்ரியில ஒரு கணக்கே இருக்கு, 200000 மில்லிசெகண்டு, அதாவது 200 விநாடி. நல்ல விதிதான். ஆனா ஓட்டையும் அதுலயே இருக்கு: முன்னால இருக்கற புரோகிராம் கிளப்பிவிட்ட புரோகிராமுக்கு விதிவிலக்கு. சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரி!

பின்னாடியே திறக்கவும் வழி உண்டு. மேக்ல டெர்மினல் 'ஓப்பன்' கட்டளையோட 'ஹைஃபன் ஜி' சேர்த்தா சத்தமில்லாம பின்னால திறக்கும். விண்டோஸ்ல ஸ்கிரிப்ட் எழுதி 'ரன்'ல 7னு எண் கொடுத்தா சின்னதாக்கித் திறக்கும், நாம இருக்கற ஜன்னல் அப்படியே இருக்கும். ஆனா அது வெறும் வேண்டுகோள்தான், கேக்காத புரோகிராமும் இருக்கு. அதோட, சாதாரண ஆளு ஏன்யா ஸ்கிரிப்ட் எழுதணும்? பிரவுசர்ல கண்ட்ரோலை அமுக்கி லிங்க்கைத் தட்டினா புது டேப் பின்னாடி திறக்குது, சின்னப் பசங்களுக்கும் தெரியும். அதே வசதியை டெஸ்க்டாப் ஐகானுக்கும் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?

"நீதானே கிளிக் பண்ணே, அதான் வந்துச்சு"ன்னு சொல்ற டெவலப்பர் நண்பர்களே... கிளிக் பண்ணது அந்த விநாடியில. இப்ப நான் வேற எடத்துல டைப் அடிச்சிட்டு இருக்கேன். கூப்பிட்டேங்கறதுக்காக அரை நிமிஷம் கழிச்சு வந்து கையில இருக்கற பேனாவைப் புடுங்குவீங்களா? 2023ல வந்த மேக் சோனோமால, முன்னால வர்றதுங்கறது உத்தரவு இல்ல, கோரிக்கைன்னு மாத்தினாங்க. மத்தவங்களும் மாத்துங்கப்பா.

பி.கு.: லினக்ஸ்ல கேடிஇ வச்சிருக்கறவங்க 'விண்டோ பிஹேவியர்' செட்டிங்ல போய்ப் பாருங்க, இந்தத் திருட்டைத் தடுக்க அஞ்சு நிலை இருக்கு. 'எக்ஸ்ட்ரீம்' மட்டும் வைக்காதீங்க, நாம ஆசையா கூப்பிட்டதும் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும் :-)