ஓய்வு நேரம்: முகத்திற்கும் புழுவிற்கும் ஒரே லென்ஸ்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "பையன் தேர்வில் தேறினான் என்று காமிரா ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது மனிதர் முகத்தை எடுக்க ஒரு லென்ஸ், பூ பூச்சிகளை எடுக்க ஒரு லென்ஸ் என்று கேட்கிறான். கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?" என்றார். நான் இக்கலையில் பண்டிதன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் தள்ளும் குமாஸ்தா. ஆயினும் அதே கேள்விக்கு விடை தேடிச் சில ஆயிரங்களைத் தொலைத்தவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

என் தந்தையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பத்தாம் நாள் காரியத்திற்குப் படம் வேண்டுமென்று கும்பகோணம் வீடு முழுவதும் தேடினோம். கிடைத்தது, என் தங்கையின் திருமணத்தில் எடுத்த குடும்பப் படம் ஒன்றுதான். மண்டபம் சிறிது, சுற்றத்தார் பலர். எல்லோரையும் அடக்கப் படக்காரர் அகலக் கோண லென்ஸைப் பொருத்தியிருந்தார். வரிசையின் கோடியில் நின்ற தந்தையார் முகம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, பூசணிக்காய் போல் அகன்றிருந்தது. வாழ்நாளெல்லாம் ஒல்லியாய் இருந்த மனிதர்! அதைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். தாயார் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார். வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அத்தகைய லென்ஸ் சட்டத்தின் ஓரத்தில் உள்ளவற்றை வெளிப்புறமாக நீட்டும் என்பதை நான் பிறகுதான் படித்தறிந்தேன். அந்த வரிசையில் அவரை நடுவில் நிறுத்தியிருந்தால் இவ்வளவு வராது.

தாயார் குளிர்காலத்தில் டில்லிக்கு வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்குவதாகக் கடிதம் போட்டபோது, அவரையாவது ஒழுங்காகப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டேன். தீபாவளிக்கு முன் வரும் 78 நாள் போனஸ் 17,951 ரூபாயை இதற்கென்று ஒதுக்கினேன். என்னிடம் இருந்தது ஏற்கெனவே பயன்படுத்திய ஒரு காமிராவும், அதனுடன் வந்த 18 முதல் 55 மில்லிமீட்டர் வரையிலான சாதாரண லென்ஸும்தான்.

இங்கு அன்பர்கள் ஒரு விஷயத்தை மனத்தில் இருத்த வேண்டும். முகத்தின் வடிவை நிர்ணயிப்பது லென்ஸ் அன்று. நாம் நிற்கும் தொலைவு. ரயில் நிலையத்தில் எஞ்சினின் மூக்கருகே நின்று பாருங்கள். எஞ்சின் மலை போலவும், கடைசிப் பெட்டி தீப்பெட்டி போலவும் தோன்றும். எதிர்ப்புறத்து மேம்பாலத்தின் கோடியிலிருந்து பார்த்தால் அத்தனை வேற்றுமை இராது. முகமும் அப்படியே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். கைப்பேசியை முகத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் பிடித்தால் காது 52-இல் இருக்கிறது. காதை நோக்க மூக்கு நூற்றுக்கு முப்பது பங்கு பெரிதாகப் பதிவாகும். 150 சென்டிமீட்டருக்கு, அதாவது ஐந்தடிக்குப் பின்வாங்கினால் அந்த முப்பது வெறும் எட்டாகச் சுருங்கிவிடுகிறது. 2018-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் இதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். ஓரடித் தொலைவில் தாமே எடுத்துக்கொண்ட படத்தில், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்றனர். தம் கைப்பேசிப் படத்தைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கித் தரும்படி கேட்டு வருவோர் பெருகியதே அந்த ஆராய்ச்சிக்குக் காரணமாம்! அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை எதற்கு? நாலடி பின்னால் நகர்ந்தால் போதாதா?

ஆகவே ஐந்து முதல் ஏழெட்டடி வரை தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து முகமும் தோளும் சட்டத்தை நிறைக்க வேண்டும். நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸ் தேவைப்படுவது இந்த ஒன்றற்காகத்தான். குமாஸ்தாவுக்குக் கணக்குப் போடாமல் மனம் ஆறுமா? என் காமிராவின் சென்ஸார் நீளம் 23.5 மில்லிமீட்டர். படத்தில் அடங்க வேண்டியது 60 சென்டிமீட்டர் உயரம். 50 மில்லிமீட்டர் லென்ஸானால் நான்கடிக்குச் சற்று மேல் நிற்கலாம். 90 ஆனால் ஏழரை அடி. பழைய பிலிம் அளவுக்குச் சமமான பெரிய சென்ஸார் உள்ளவர்கள் 85 முதல் 105 வரை தேடுவதும் இதே கணக்கினால்தான். கையில் உள்ள சாதாரண லென்ஸையே 55-இல் திருப்பி வைத்துப் பின்வாங்கினால் நாலரை அடி கிடைத்துவிடுகிறது. எனவே அன்பர் மகன் முதலில் ஒரு மாதம் அதைச் செய்து பார்க்கட்டும். காமிராவே இல்லாதவர்கள், கைப்பேசியில் இரட்டிப்பு அல்லது மும்மடங்கு என்றிருப்பதைத் தொட்டுவிட்டு ஐந்தடி தள்ளி நிற்கலாம். செலவு ஒன்றுமில்லை.

முகத்திற்கென்றே தனி லென்ஸ் செய்யும் வழக்கம் 1840-இலேயே தொடங்கிவிட்டது. அதற்கு முன்பு படத்திற்கு அமர்பவர் நிமிஷக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், வெளிச்சத்தைப் பன்மடங்கு அதிகமாக உள்ளே விடும் ஒரு லென்ஸைக் காகிதத்தில் கணக்கிட்டே வகுத்தார். போக்ட்லேண்டர் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். அக்கணக்குகளைப் போட, பீரங்கிப் படையில் கணிதம் தேர்ந்த வீரர்களை அவருக்குத் துணையாக அனுப்பினார்களாம்.

அகன்ற துவாரத்தின் மோகம் அன்று தொடங்கியது, இன்றும் போகவில்லை. நானும் அதில் விழுந்தேன். முதலில் ஒரு நண்பரிடம் எஃப் 1.8 துவாரமுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸை இரவல் வாங்கி, துவாரத்தை முழுவதும் திறந்து, தாயாரைச் சற்றுப் பக்கவாட்டில் அமர்த்தி எடுத்தேன். பின்னாலிருந்த கொடித்துணிகள் எல்லாம் பனிபோல் கரைந்தன. பரம திருப்தியுடன் காட்டினேன். தாயார் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, எனக்கு இன்னொரு கண்ணு எங்கே போச்சு?" என்றார். அருகிலிருந்த கண் தெளிவாகவும், மற்றது புகை மூடியதாகவும் இருந்தது. அந்தக் கண்ணில்தான் சென்ற ஆண்டு புரை நீக்கியிருந்தார்! துவாரம் அகன்றால் தெளிவின் ஆழம் குறையும். எஃப் 4 அல்லது 5.6-க்கு ஒடுக்கிய பின்பே இரு கண்களும் தாயாருக்குத் திரும்பக் கிடைத்தன. பெரும் பணம் கொடுத்து எஃப் 1.4 வாங்குவோர், பின்னர் அதை 4-க்கு ஒடுக்கித்தான் முகம் எடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நிற்க. பூச்சி விஷயத்திற்கு வருவோம். இதற்காக அஸோலா காட்டிற்கோ லோதி தோட்டத்திற்கோ போக வேண்டியதில்லை. டில்லித் தமிழர் வீட்டுப் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இல்லாத வீடு எது? மழைக்காலம் முடிகையில் அதன் இலைகளைக் கூர்ந்து நோக்குங்கள். பறவை எச்சம் போன்று பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சமன்று, எலுமிச்சை, கறிவேப்பிலை இனச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டும். ஒரு வாடை வீசும். குழம்பிற்கு இலை போகிறதே என்று என் மனைவி அதை அப்புறப்படுத்தப் பார்த்தாள். என் மகள் அழுது தடுத்துவிட்டாள். அக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் தாளிதத்திற்கு வெறும் கடுகுதான்.

புழுவை அதன் உண்மை அளவிலேயே சென்ஸாரில் பதியவைக்க வல்லதே மாக்ரோ லென்ஸ். 60 மில்லிமீட்டரில் உள்ளது, 90 முதல் 105 வரையில் உள்ளது என இருவகை பெரிதும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் புழுவை ஒரே அளவிற்குப் பெரிதாக்கும். எனினும் இங்கும் தொலைவே நமக்கு வேண்டியது. 60-க்கு லென்ஸின் முகப்பு புழுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டரில் நிற்கும். நம் நிழல் அதன்மேல் விழும். பறக்கும் பூச்சியானால் எழுந்து ஓடிவிடும். நீண்டதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. அந்த அருகாமையில் எஃப் 8-இல்கூடத் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் தேறாது. ஆதலின் காமிராவைத் தாங்கியில் நிறுத்திக் காற்று அடங்கும் வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

மலிவான வழியும் உண்டு. காமிராவிற்கும் லென்ஸிற்கும் நடுவே செருகும் வெற்று வளையங்கள் விற்கின்றன. உள்ளே கண்ணாடியே கிடையாது. 50 மில்லிமீட்டர் லென்ஸின் பின் 25 மில்லிமீட்டர் வளையம் போட்டால் பாதி உண்மை அளவு கிட்டும். வாங்குவோர் மின் இணைப்பு முனைகள் உள்ள வளையமாகப் பார்த்து வாங்குக. இல்லையேல் இக்காலத்து லென்ஸ்கள் பலவற்றில் துவாரத்தை மாற்ற இயலாது போகும்.

நான் முகத்திற்கும் புழுவிற்கும் சேர்த்து 90 மில்லிமீட்டர் மாக்ரோ ஒன்றையே தேர்ந்தேன். மாக்ரோ லென்ஸ் தூரத்திலுள்ளவற்றையும் எடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிதாக வாங்க வசதியில்லை. எனவே சாந்தினி சௌக்கில் காமிராக் கடைகள் நெருங்கியிருக்கும் கூச்சா சௌத்ரி சந்துக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பளபளவென்று துடைத்துக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்து, இரவில் கைவிளக்கொளியில் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சணம்! மறுநாள் நடையாய் நடந்து, இரண்டாயிரம் குறைத்துக்கொண்டே பணம் திரும்பியது. அதிலிருந்து எந்தக் கடைக்கும் சொந்தக் காமிரா, மின்கலம், நினைவட்டை, செய்தித்தாள் ஒன்று இவற்றுடன்தான் போகிறேன். கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து செலுத்தி முன்னால் பார்க்க வேண்டும். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று நோக்க வேண்டும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்து, நான்கு மூலை எழுத்துக்களையும் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் காமிரா வைத்திருப்போர் மற்றொன்றும் கவனிக்க: அவற்றினுள் மோட்டார் இல்லாமையால், பழைய வகை லென்ஸ்கள் தாமாகக் குவியமாட்டா. கையால் திருப்ப வேண்டும். இரண்டாம் முறை, வேறொரு கடையில், இத்தனையும் சோதித்து வாங்கியது இன்றுவரை குறையின்றி உழைக்கிறது.

பழையதா என்று முகம் சுளிப்போருக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996), 1950 முதல் தம் வாழ்நாளின் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றவர். நம் காடுகளின் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. வெவ்வேறு காமிராக்களின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பளுவான கருவியையே அவர் பயன்படுத்தி வந்தார். 'சூப்பர் பாண்டரோஸா' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார்.

எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஏழரை அடி பின்வாங்கினால் அலமாரி முதுகில் இடிக்கும். ஆகையால் ஜனவரியில் ஒரு நாள், மூடுபனி விலகிய பின், தாயாரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் விழும்படி அமர்த்தினேன். சால்வையை எடுக்கச் சொன்னேன். குளிருகிறது என்று மறுத்துவிட்டார். சால்வையோடுதான் படம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

அந்த லென்ஸ் செய்த பெரிய உபகாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தைப் பார்த்த தாயார் அன்றிரவு தம் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். வேலைக்கு மனுப்போட என் தந்தையார் இருபத்திரண்டு வயதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட சிறு படம்! கட்டைவிரல் அகலந்தான். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்டேன். "இத்தனூண்டு படத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்னு நெனச்சேன்" என்றார்.

மாக்ரோ லென்ஸ் தட்டையான பரப்பை மூலைவரை ஒரே சீராகப் பதிய வல்லது. பழைய படங்களையும் கடிதங்களையும் பிரதி எடுக்க அதைவிட ஏற்றது வேறில்லை. படத்தை ஜன்னலருகே மேஜைமேல் கிடத்தி, ஜன்னலுக்கு எதிர்ப்புறத்தில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தி ஒளியைச் சமப்படுத்தினேன். காமிராவை மேலிருந்து நேராகக் கீழ்நோக்கித் தாங்கியில் பொருத்தி, எஃப் 8-இல் வைத்து, கை படாமலிருக்கப் பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி விட்டேன். பெரிதாக்கிப் பார்க்கையில், சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப் வரை தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் தள்ளி நின்றே எடுத்திருக்கிறார். முகம் ஒல்லியாகத்தான் இருக்கிறது.

தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவையே நெடுநேரம் பார்த்துவிட்டு, அது அவருடையதன்று, தம் அண்ணனிடம் இரவல் வாங்கியது என்றார். பூசணிக்காய்ப் படத்தைக் கழற்றிவிட்டோம்.