சூடானா சரியாயிடும், சார்!

ஒன்றரை வருஷம் முன்பு செகண்ட் ஹாண்டில் ஒரு டர்போ கார் வாங்கினேன். பெட்ரோல் வண்டி. பின்னால் 'டர்போ' என்று எழுதியிருந்தால் சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர உருப்படியான காரணம் எதுவும் கிடையாது.

மூன்றாவது மாசம், காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் மாதிரி 'டிக் டிக்'. பத்து நிமிஷம் ஓடினால் தானே அடங்கிவிடும். "எக்ஸாஸ்ட் கேஸ்கெட் போச்சு சார்" என்று மெக்கானிக் மாற்றினார். ஆறு வாரத்தில் மறுபடி டிக் டிக். "அது டூப்ளிகேட் சார், ஒரிஜினலே போட்டுருவோம்." போட்டார். எட்டு வாரம் தாங்கியது. மூன்றாவதும் ஊத்திக்கொண்டபோது, "டர்போன்னா அப்படித்தான். சூடானா சரியாயிடும் சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு ஓட்டினேன்.

டர்போ என்பது ஆல்ஃபிரட் பூக்கி என்கிற சுவிஸ் எஞ்சினீயர் 1905-ல் பேடண்ட் வாங்கிய சமாசாரம். வெளியே போகிற புகையே ஒரு குட்டிக் காற்றாடியை நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றவைத்து, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். பெட்ரோல் வண்டியில் அந்தப் புகையின் சூடு 900 டிகிரியைக்கூடத் தொடும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு மெல்லிய தகடு, அதுதான் கேஸ்கெட். சூட்டில் இரும்பு விரிந்தால் இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். வியாதி நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். "ஏங்க, தலை வலிக்குது" என்றாள் மனைவி. திரும்பிப் பார்த்தால், சாயங்காலத்தில் ஒருநாளும் தூங்காத நாலு வயசுப் பையன் பின்சீட்டில் துவண்டு கிடந்தான். எல்லா ஜன்னலையும் இறக்கினேன். உலுக்கியதும் கண்ணைத் திறந்து "அப்பா" என்றான். எனக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னாலேயே கசிவது சுத்தம் செய்யப்படாத புகை. ஏசி வெளிக்காற்றை உறிஞ்சுவதோ பானெட்டை ஒட்டி, வைப்பருக்குக் கீழே! அன்றைக்குக் காரணம் அதுதானா என்று இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன். எஞ்சின் ஆறியபின், சைலன்ஸர் வழியாக மெதுவாகக் காற்று விட்டு, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரத்தில் நுரை கொப்பளித்தது. கழற்றி, ஃபிளாஞ்சில் ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். நடுவில் ஃபீலர் கேஜ் சுலபமாக நுழைந்தது. ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறது! அப்புறம் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "டர்போவைத் தாங்குற பிராக்கெட் எங்க தம்பி?"

இல்லை. முன்பு யாரோ ஏதோ வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. அத்தனை கனமும் ஸ்டட்களில் தொங்கியிருக்கிறது. சூட்டிலும் குலுக்கலிலும் ஸ்டட் நீண்டு, பிடி தளர்ந்து, ஃபிளாஞ்ச் வளைந்து... "கேஸ்கெட் தானா சாகலை தம்பி. நீங்கதான் மூணு கொலை பண்ணியிருக்கீங்க."

நான் பி.காம். ட்ரயல் பாலன்ஸ் மாசாமாசம் உதைத்தால் கால்குலேட்டரையா மாற்றுவோம்? எந்த என்ட்ரி என்று தேட மாட்டோமா? காருக்கு மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

ஃபிளாஞ்சை கிரைண்டிங் செய்து சமமாக்கி, புது ஸ்டட், புது நட், புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த பிராக்கெட் எல்லாம் போட்டு, டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றாக முறுக்கினார். எட்டு மாசமாக டிக் டிக் இல்லை. குறைந்திருந்த மைலேஜும் திரும்பிவிட்டது.

மனைவி மட்டும் இன்னமும் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கியே வைக்கிறாள். ஏசி வீணாகிறதே என்று நான் வாயைத் திறப்பதில்லை.