பெயர் மாறினால் தொடர்பு போச்சு

லினக்ஸ் கம்ப்யூட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றி ரீபூட் செய்ததும் நெட்வொர்க் படுத்துவிடுவது பழைய வியாதி. கேபிள் சரியாக இருக்கும், மோடத்தில் விளக்கு எரியும். ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. கேபிளையும் கார்டையும் மாற்றிக் காசைத் தொலைப்பவர்கள் உண்டு. பல சமயம் குற்றவாளி வெறும் ஒரு பெயர்தான்.

முன்பு லினக்ஸ் தன் நெட்வொர்க் கார்டுகளை, கண்ணில் பட்ட வரிசைப்படி, ஈத்0, ஈத்1 என்று அழைத்தது. இரண்டு கார்டு உள்ள சர்வரில் இது வம்பு. இன்றைய ஈத்0 அடுத்த முறை ஆன் செய்யும்போது ஈத்1 ஆகிவிடலாம். இன்டர்நெட் பக்கமும் அலுவலகப் பக்கமும் இடம் மாறிவிடும். இதைத் தவிர்க்க 2013இல் சிஸ்டம்-டி என்ற மென்பொருள், கார்டு செருகப்பட்ட இடத்தை வைத்தே பெயர் சூட்டத் தொடங்கியது. பிசிஐ மூன்றாம் பஸ்ஸில் பூஜ்யம் ஸ்லாட்டில் இருந்தால் இஎன்பி3எஸ்0.

ஏற்பாடு நல்லதுதான். சிக்கல், பழைய மெஷின்களில். கார்டு புதுப் பெயரில் எழுந்து நிற்க, பழைய கோப்பு ஈத்0ஐத் தேடிக்கொண்டிருக்கும். பழைய பெயர்களைக் காப்பாற்றிவந்த விதிக் கோப்புக்கு டெபியன் 10 (2019) அதிகாரபூர்வ ஆதரவை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13உம் பெயர்கள் மாறக்கூடும் என்று எச்சரிக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது என்பதால் அரசு அலுவலகங்களும் இதைக் கவனிப்பது நல்லது.

டெல்லியில் உட்கார்ந்து சென்னை சர்வரை மாற்றுபவர் பாடுதான் திண்டாட்டம். ரீபூட் கட்டளையோடு தொடர்பு அறுந்துவிடும். சரிசெய்ய யாராவது நேரில் போய் கீபோர்டைத் தொட வேண்டும். நேரில் இருப்பவருக்கும் இன்னொரு சங்கடம்: தீர்வு இன்டர்நெட்டில் இருக்கிறது, இன்டர்நெட்தான் இல்லை.

முன்ஜாக்கிரதைக்குச் செலவில்லை. மாற்றும் முன் கார்டின் பெயர், ஐபி முகவரி, கேட்வே மூன்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம். ரீபூட்டுக்குப் பின் 'ஐபி லிங்க்' கட்டளை புதுப் பெயரைக் காட்டும். அதைக் கோப்பில் எழுதினால் போதும். அவசரத்துக்கு மொபைல் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இன்டர்நெட்டை இரவல் வாங்கலாம். தொலைவிலுள்ள சர்வர் என்றால், அங்கே சாவி வைத்திருப்பவர் லீவில் இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குவது உத்தமம்.